கையால் அறியும் சுரூபம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஆண்டு ஒன்றுகூடலில், 1971ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளரிடமிருந்து கடிதம் வந்தபோது நாங்கள் கொஞ்சம் திகைத்தோம். மற்ற வகுப்பினர் கட்டடம் கட்டிக் கொடுத்ததைச் சொல்வார்கள், வலைப்பந்தாட்டக் கிண்ணம் எடுத்ததைச் சொல்வார்கள். எங்கள் வகுப்பு அப்படி ஒன்றும் சாதிக்கவில்லை. கடைசியாக நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த காரியம், ஒரு தோழியின் வீட்டுப் பீடத்துக்குப் பித்தளையில் ஒரு மாதா சுரூபம் வாங்கிக் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு விடுமுறைக்கு வரும் பழைய மாணவியர் பலர், "எங்கே வாங்கினீர்கள், எப்படிப் பார்த்து வாங்குவது" என்று எங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அதையே பேசுவதென்று தீர்மானித்தோம். மூவர் எழுதினோம், ஒருவர் வாசிக்கிறார். மூவரில் இருவர் வேதக்காரர், ஒருவர் சைவம். அந்தச் சைவத் தோழி இல்லாவிட்டால் இந்தக் கதையில் பித்தளையே இருந்திராது. அதைப் பிறகு சொல்கிறோம்.

எங்கள் தோழி இருபது வருடத்துக்கு மேல் ரொறன்ரோவில் இருந்துவிட்டு, கணவர் காலமானபின், கடற்கரைப் பக்கமுள்ள தாய்வீட்டுக்குத் தனியே திரும்பி வந்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வந்தபோதே அவருக்குக் கண் பிரச்சினை. கிளக்கோமா. ஓரப் பார்வை முதலில் போய், நடுவிலும் மங்கத் தொடங்கியிருந்தது. போன பார்வை இந்த நோயில் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து.

அந்த வீட்டுப் பீடத்தை எங்களில் பலருக்கு நினைவிருக்கும். விறாந்தையைக் கடந்து உள்ளே போனால் நேரெதிரே திரு இருதயப் படம், அதன் கீழே கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டடி உயர மாதா, முன்னால் கைப்பிடியளவு பித்தளைப் பாடுபட்ட சுரூபம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, தோழியின் தாயார் அந்தப் பித்தளைச் சுரூபத்தைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். மாதாவைத் தூக்க முடியவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது ஓட்டுக்கூரை போய், மாரிமழை முழுவதையும் வாங்கிய மாதா, கூட்டுக்குள்ளே வெள்ளைச் சேறாய்க் கிடந்தார். பரிசுச் சாந்து தண்ணீருக்குத் தாங்காது. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடலாகாது என்று அதை அள்ளி மாமரத்தடியில் புதைத்தார்கள். சில வருடங்களில் தாயார் காலமானபோது பித்தளைச் சுரூபமும் அவருடைய கையோடு போய்விட்டது.

எனவே தோழி திரும்பி வந்தபோது பீடம் வெறுமையாக இருந்தது. படம் மட்டும் இருந்தது. படத்தை அவரால் பார்க்க முடியாது.

இந்தச் செய்தி எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கிழமைக்குள் லண்டன், பாரிஸ், சிட்னி எங்குமிருந்து காசு வந்து குவிந்தது. மூன்றடிச் சுரூபம் என்றார் ஒருவர். கீழே ஒரு பித்தளைத் தகட்டில் வகுப்பின் பெயரும் நூற்றாண்டு என்ற சொல்லும் பொறிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். லூர்து மாதாவா பாத்திமா மாதாவா என்று ஒரு வாதம் மூன்று நாள் நடந்து, இருவர் குழுவைவிட்டு விலகியும் போனார்கள். அவர்களில் ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். சமாதானமாகிவிட்டோம்.

இவ்வளவும் நடந்தபின்தான் அவரிடம் கேட்கவில்லையே என்பது எங்களுக்கு உறைத்தது. போய்க் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்.

"என்ரை பீடத்திலை உங்கடை பேர் என்னத்துக்கடி? எனக்குப் பெரிசு வேண்டாம். ஒரு கையாலை பிடிச்சு மற்றக் கையாலை தடவிப் பாக்க வேணும். தாய் எது, பிள்ளை எது எண்டு விரலுக்குத் தெரிய வேணும். பெயின்ற் அடிச்சது வேண்டாம், ரெண்டு வருசத்திலை உரிஞ்சு போம்."

நாங்கள் வெட்கப்பட்டுப்போனோம். பித்தளை என்ற தீர்மானம் அப்படித்தான் வந்தது. தடவத் தடவ அழியாதது, விழுந்தாலும் சிதறாதது, இன்னொரு மழைக்கும் கரையாதது.

முதலில் எங்களுக்கு விளங்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் சுரூபங்களை நிறத்தால் அறிந்து வளர்ந்தவர்கள். நீல இடைக்கச்சை என்றால் லூர்து, பொன்கரை போட்ட வெள்ளைப் போர்வை என்றால் பாத்திமா. பித்தளையில் நிறமே இல்லை. மாதா, சூசையப்பர், சம்மனசு எல்லாரும் ஒரே மஞ்சள். கடையில் பத்துச் சுரூபத்தை வரிசையாக வைத்தால் யார் யார் என்று சொல்ல முடியாமல் நின்றோம். பிறகுதான் கையையும் காலையும் பார்க்கப் பழகினோம். இரு கையும் குவித்து, வலது கையில் செபமாலை தொங்கி, பாதத்தில் ரோசாப்பூ இருந்தால் அது 1858இல் பெர்னதெத் கண்ட லூர்து மாதா. கைகள் இரண்டும் கீழ்நோக்கி விரிந்து, காலடியில் உருண்டையும் பாம்பும் இருந்தால், 1830இல் பாரிஸில் கத்தரீன் லபூரே கண்ட காட்சி, அற்புதப் பதக்கத்தில் உள்ள மாதா. குழந்தையோடு நின்று, கழுத்திலிருந்து கால்வரை சீலை கூம்பாக விரிந்திருந்தால் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா. ஆகவே முகத்தைப் பார்க்கு முன் பாதத்தைப் பாருங்கள்.

இது விளையாட்டான விடயம் அல்ல. லண்டனில் உள்ள எங்கள் தோழி ஒருவர், தொலைந்த பொருள் கிடைக்க வேண்டி இரண்டு வருடமாக ஒரு பித்தளை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வந்தார். கையில் குழந்தையும் லீலி மலரும் இருந்தபடியால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தத் தேடலின்போது படம் எடுத்து அனுப்பினார். தாடி இருக்கிறது! அந்தோனியாருக்குத் தாடியில்லை. உச்சி மழித்த தலை, துறவி அங்கி, இடையில் முடிச்சுப் போட்ட கயிறு. தாடியோடு குழந்தையும் லீலியும் வைத்திருப்பவர் சூசையப்பர். தொலைந்த சங்கிலி எப்படியோ கிடைத்துவிட்டதாம். சூசையப்பர் பொறுமைசாலி.

இனிக் கடைகள். நாங்கள் கொழும்புக்குப் போனபோது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் பார்த்தோம், கண்டி வீதியில் பித்தளை வேலைக்குப் பேர்போன பிலிமத்தலாவையில் இறங்கிப் பார்த்தோம். கோயிலடிக் கடைகளில் எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சாந்தும் ரெசினும். பிலிமத்தலாவையில் விளக்கும் யானையும் அழகழகாக இருந்தன, நாங்கள் கேட்ட அளவில் மாதா இல்லை. வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், "அசல் பித்தளை" என்று சொல்லி ஒரு சுரூபத்தை எடுத்துக் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது, விலையும் பளபளத்தது. எங்களோடு வந்திருந்த கனடாத் தோழியின் கைப்பையில், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற நயாகராக் காந்தம் ஒன்று பரிசு கொடுக்கவென்று கிடந்தது. சைவத் தோழி அதை வாங்கிச் சுரூபத்தின் அடியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. நயாகராவைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தோம்.

இந்த இடத்தில் அவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் சைவப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் எங்களோடு செபமாலை மாதத்தில் கெபியடியில் நின்றார்கள், நாங்கள் அவர்கள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டோம். இந்தத் தோழியின் வீட்டில் குத்துவிளக்கு, செம்பு, மூக்குப்பேணி என்று பித்தளையும் வெண்கலமும் நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் அவற்றை மினுக்குவது சிறுவயதில் அவருடைய வேலை. அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தவை இவை.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலத்தில் செம்போடு ஈயம், அதாவது வெள்ளீயம். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஆனால் ஒட்டாதபடியால் மட்டும் பித்தளை என்று நம்பிவிடக் கூடாது, அலுமினியத்திலும் ஒட்டாது. அதற்குக் கைதான் தராசு. ஒரு லீற்றர் தண்ணீர் நிற்கும் இடத்தில் பித்தளையை நிரப்பினால் எட்டரைக் கிலோ அளவில் நிறுக்கும், அலுமினியம் மூன்று கிலோவும் வராது. கையில் எடுத்தவுடன் "அட, பாரம்" என்று தோன்ற வேண்டும். பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யாரும் மினுக்குவதில்லை, பூச்சும் ஒழுங்காகப் போடுவதில்லை. உண்மை நிறம் அங்கேதான் தெரியும். உள்கூடாக வார்த்த சுரூபமாக இருந்தால் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல வார்ப்பு நாதம் விட்டு அடங்கும், வெடிப்பு இருந்தால் செத்த சத்தம் கேட்கும். இரண்டு பாதி அச்சை மண்ணில் பதித்து வார்த்ததில் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். அது குறையல்ல. அந்தக் கோட்டை அராவாமல் விட்டிருந்தால் கையைக் கிழிக்கும், அதுதான் குறை.

முகம் கரைந்த சுரூபங்களும் நிறைய இருந்தன. வார்த்த சுரூபத்திலிருந்து அச்செடுத்து, அதில் வார்த்ததிலிருந்து இன்னொரு அச்செடுத்து என்று போகப்போக மூக்கும் கண்ணும் மழுங்கிவிடும். படியின் படி. சில மாதாக்களுக்குக் கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம் மட்டும். பார்வையுள்ளவர் வாங்கினாலும் அதை வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எங்களுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. ஒவ்வொரு சுரூபத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினோம். எழுபது வயதுப் பெண்கள் மூவர் கடைக்குள் கண்ணை மூடி மாதாவைத் தடவுவதைப் பார்த்து ஒரு கடைப்பையன் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆனால் அந்தச் சோதனை எத்தனையோ அழகான சுரூபங்களைத் தள்ளிவிட்டது. கூர்முடிகள் விரலில் குத்தின. தலையைச் சுற்றிய கதிர்கள் ஊசிபோல் நின்றன. சிலதில் தாயும் பிள்ளையும் ஒரே திரளாக இருந்தார்கள், கண் இல்லாமல் பிரிக்க முடியவில்லை.

கொழும்பு, கண்டி வீதி எல்லாம் திரிந்து களைத்து ஊர் வந்த பிறகு, சைவத் தோழி தன் வீட்டுக்கு வழக்கமாகப் பாத்திரம் வாங்கும் பெரியகடைப் பக்கத்துக் கடை ஒன்றுக்கு ஏதோ வாளி வாங்கப் போனார். குத்துவிளக்குகளுக்குப் பின்னால், தூசி படிந்து, எட்டு அங்குலத்தில் ஒரு மாதா நின்றார். இடது கையில் குழந்தை. வலது கை முன்னே நீண்டிருந்தது. விரலிடுக்கில் ஒரு சின்னத் துளை, அதில் இருந்த செபமாலை எப்போதோ அறுந்து போயிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து விளக்குகளோடு வந்த பழைய சரக்கு என்றார்கள். தோழி கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். நாங்கள் ஓட்டோ பிடித்துப் போனோம்.

அங்கே பாத்திரம் எல்லாம் நிறுத்துத்தான் விற்பார்கள். மாதாவையும் தராசில் வைத்தார்கள். எங்களில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை, "அண்ணை, விலையைச் சொல்லுங்கோ, நிறுக்க வேண்டாம்" என்றார். கடைக்காரர், "நிறுத்தால்தான் அம்மா உங்களுக்கு நியாயம்" என்றார். ஒன்றே முக்கால் கிலோ. துளைக்காக விலையும் குறைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோழியின் மடியில் வைத்தோம். அவர் முதலில் அடியைத் தொட்டார், பிறகு சீலை மடிப்பு, பிறகு பிள்ளையின் கால். பிள்ளையின் கால் மாதாவின் கைக்கு வெளியே கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "செபமாலை மாதா. மடு மாதா மாதிரி" என்றார்.

மடு மாதாவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1670இல் ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பி மாந்தையிலிருந்து சனங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சுரூபம். 2008 ஏப்ரலில் போர் கோயிலடிக்கு வந்தபோது மறுபடி தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், அந்த ஆவணியில் திரும்பியது. எங்கள் சனத்தோடு சுரூபங்களும் இடம்பெயர்ந்திருக்கின்றன. தூக்கக்கூடியது போயிற்று, தூக்க முடியாதது நின்று நனைந்தது. தோழி அன்று இதை நினைத்தாரோ தெரியாது. நாங்கள் நினைத்தோம். மூன்றடிச் சுரூபம் வேண்டும் என்று சண்டை பிடித்த எங்களை அவர் எதிலிருந்து காப்பாற்றினார் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

உலோகத்தைக் கும்பிடுகிறீர்களா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஞானோபதேச வகுப்பில் எங்கள் சிஸ்டர் இதற்கு ஒரு வருடத்தைச் சொல்லித் தந்தார், 787. நீசேயாவில் கூடிய இரண்டாம் சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் குறிக்கும் ஆளுக்கே போய்ச் சேருகிறது என்று தீர்மானித்த ஆண்டு. அந்த ஆண்டு பரீட்சைக்கு வரும் என்று பாடமாக்கினோம். வரவில்லை.

பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பீடத்தை நாங்கள் கொஞ்சம் மாற்றினோம். முழங்கால் போட இப்போது எங்களில் ஒருவருக்கும் இயலாதபடியால், கதிரையில் இருந்தபடி கைநீட்டினால் எட்டும் உயரத்தில் பலகை வைத்தோம். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஆணியை நம்ப முடியாது, ஆகவே சுவரில் தொங்கவிடாமல் கால் வைத்த மேசையாகவே செய்வித்தோம். மெழுகுதிரி இல்லை, சிறிய மின்விளக்குத்தான். பார்வை குறைந்தவர் தனியே இருக்கும் வீட்டில் நெருப்பு வேண்டாம். உங்கள் தாய்மார், மாமிமார் தனியே இருக்கும் வீடுகளிலும் இதைக் கவனியுங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விரும்புபவர்கள் புதிய சுரூபம் வாங்கினால் பற்றுச்சீட்டைத் தவறாமல் வைத்திருங்கள். வீட்டில் கிடந்த பழஞ்சுரூபம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு கட்டுங்கள், விமான நிலையத்தில் நின்று அழ வேண்டாம்.

மினுக்குவதைப்பற்றியும் கேட்கிறீர்கள். புதிதாக வாங்கியதில் வார்னிஷ் பூசியிருந்தால் அதை உரஞ்ச வேண்டாம், ஈரமில்லாத மெல்லிய துணி போதும். பூச்சில்லாததைப் பழப்புளியால் தேய்க்கலாம். ஆனால் தேய்த்தபின் நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். புளிப்பு ஊறிக் கிடந்தால் மேற்பரப்பில் துத்தநாகம் கழன்று செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். பச்சைக் களிம்பு கடற்கரை வீடுகளில் கட்டாயம் வரும். மடிப்புகளுக்குள் பழைய பல்துலக்கும் தூரிகை போகும். அடியில் ஒரு துண்டு பிளானல் துணி ஒட்டிவிடுங்கள்.

மிச்சக் காசு நிறைய இருந்தது. திருப்பி அனுப்பட்டுமா என்று தோழியிடம் கேட்டோம். "உங்கடை கண்ணைச் சோதியுங்கோடி, எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது" என்றார். ஊரில் இருக்கிற ஒன்பது பேரும் போய்க் கண் அழுத்தம் பார்த்தோம். ஒருவருக்கு இருந்தது. அவர் இப்போது மருந்து விடுகிறார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் அங்கே கூடிச் செபமாலை சொல்கிறோம். சைவத் தோழியும் வருவார், கதிரையில் இருந்து பூக் கட்டுவார். மாதாவின் விரல் துளையில் இப்போது பாரிஸ் தோழி அனுப்பிய பத்துமணி தொங்குகிறது. சென்ற மாதம் பார்த்தபோது சுரூபம் முழுவதும் உப்புக்காற்றில் மங்கி, பிள்ளையின் காலும் தலையும் மட்டும் பொன்போல மின்னின. ரோமாபுரியில் இராயப்பரின் வெண்கலச் சுரூபத்தில் வலது பாதம் யாத்திரிகரின் கைபட்டுத் தேய்ந்திருப்பதை எங்களில் போய்வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தேய்வு இங்கே இல்லை, ஒரு ஆளின் கைதானே. சைவத் தோழி அடுத்த கிழமை பிராசோவும் பழந்துணியும் கொண்டு வந்தார்.

தோழி டப்பாவின் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "எங்கை மினுக்கப் போறாய்?"

"முழுக்க."

"காலை விடு. அது நான் பாத்துக்கொள்ளுறன்."